லூப் போட ஆள் இருக்கு, மார்க் போட ஆள் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து பேசினான். இயற்பியல் பாடத்தோடு என்.சி.சி. விமானப் பிரிவையும் நான் பார்த்துக்கொண்ட நாட்களில், பால்சா மரத்தில் கிளைடர் செய்து பள்ளி மைதானத்தில் வீசிக்கொண்டிருந்த பையன். இப்போது அவனுக்கே பதினான்கு வயதில் ஒரு மகள். அப்பாவும் மகளும் ரேடியோ கண்ட்ரோல் விமானம் ஓட்டுகிறார்கள். சும்மா ஏற்றி இறக்குவது இல்லை, ஏரோபேட்டிக்ஸ். லூப், ரோல், தலைகீழாகப் பறப்பது என்று வரிசையாக வான்சாகசம் செய்து காட்டும் வித்தை.

"சார், ஒரு வருஷமா ஒரே வரிசையை ரெண்டு பேரும் பழகுறோம். போட்டிக்குப் போகலாம்னு தேடினா, பக்கத்துல இருக்கிற போட்டிக்கே ஏழு மணி நேரம் கார் ஓட்டணும். அதுவும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். கத்துக்கிட்டதை யார்கிட்டப்பா காட்டுறதுன்னு பாப்பா கேக்குது. அமெரிக்காவுலயே இப்படின்னா எப்படி சார்?"

நியாயமான கேள்வி. இந்த விளையாட்டு பிறந்து வளர்ந்த நாடே அதுதான். அங்கேயே உள்ளூர்ப் போட்டி அருகிப்போனது எப்படி? அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1937-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்று பெயரிட்ட ஒரு மாதிரி விமானத்தை ரேடியோ வழியாகக் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார்கள். இறக்கை நீளம் சுமார் 8 அடி. ஒருவர் விமானத்தைக் கட்டினார், மற்றவர் ரேடியோவைச் செய்தார். அடுத்த ஆண்டே தேசியப் போட்டியில் ரேடியோ கண்ட்ரோல் பரிசையும் வென்றார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொள்ள அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். ஆகவே ஆட்கள் மிகக் குறைவு.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950களின் தொடக்கத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் இடத்தைத் தேர்வு இல்லாமலே பயன்படுத்த அரசு அனுமதித்தது. கருவிகள் எளிமையானவை. விமானத்துக்குள் ஒரு ரப்பர் பேண்டை முறுக்கி வைத்திருப்பார்கள். கீழே பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வால் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும், மறுபடி அழுத்தினால் மறுபக்கம். அவ்வளவுதான் கட்டுப்பாடு! அதை வைத்தே லூப் போட்டார்கள். விமானத்தைச் சுழலவிட்டு வேகம் ஏற்றி, சட்டென்று விட்டால் அது தானாக மேலே எழும்பி ஒரு வட்டம் அடிக்கும்.

அந்தக் காலத்தில் போட்டிகளுக்குப் புரவலர்களும் இருந்தார்கள். 1940களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம்வரை அமெரிக்கத் தேசியப் போட்டிகளைத் தன் விமானத் தளங்களில் நடத்த இடம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை. மாதிரி விமானம் கட்டும் பையன் நாளைக்கு விமானியாவான் என்பது கணக்கு. நம் என்.சி.சி.யில் ஏரோமாடலிங் வைத்திருப்பதும் இதே கணக்கில்தான்.

1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபண்டார்ஃபில் முதல் ரேடியோ கண்ட்ரோல் ஏரோபேட்டிக்ஸ் உலகப் போட்டி நடந்தது. வென்றவர் அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி, விமானத்தின் பெயர் 'ஓரியன்'. இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த ஓரியன் பிறகு பெட்டியில் அடைத்த பால்சா கிட் ஆகக் கடைக்கு வந்தது. பையன் ஒருவன் அதை வாங்கி, சமையலறை மேசையில் ஒட்டி, உலகச் சாம்பியன் ஓட்டிய அதே வடிவத்தைத் தன் ஊர் மைதானத்தில் ஓட்டலாம். இன்ஜின் அளவுக்கு 10 சி.சி. என்று உலக விதியே வரம்பு வைத்திருந்தது. 1967-இல் வென்ற பில் கிராஃப்ட், ரேடியோ கருவி தயாரித்து விற்றவர். அவர் கையில் இருந்த கருவி கடையிலும் கிடைத்தது. சாம்பியனுக்கும் கற்றுக்குட்டிக்கும் இடையில் இருந்தது பயிற்சியின் தூரம், பணத்தின் தூரம் அவ்வளவாக இல்லை.

உள்ளூர்ப் போட்டி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு இரண்டு நாள். பெரும்பாலும் ஆறு சுற்று. விமானி நிற்பார். பக்கத்தில் ஒருவர் நின்று அடுத்த உருவம் என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னால் நாற்காலியில் நடுவர்கள், அவர்கள் சொல்லும் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள். ஒவ்வோர் உருவத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க். கோணம் 15 டிகிரி பிசகினால் ஒரு மார்க் போச்சு. லூப் வட்டமாக இல்லாமல் முட்டையாக இருந்தால் அதற்கும் வெட்டு. கிடைத்த மார்க்கை அந்த உருவத்தின் கடினத்துக்கு ஏற்ற எண்ணால் பெருக்குவார்கள்.

இந்த நடுவர்கள் யார்? சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. அவர்களும் போட்டியாளர்களே. அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட், மாஸ்டர்ஸ் என்று படிகள் உண்டு, அதற்கு மேல் உலகப் போட்டிக்கான எஃப்3ஏ. கீழ்ப் படியில் இருப்பவர் பறக்கும்போது மேல்படிக்காரர் நாற்காலியில் உட்காருவார். ஒருவருக்கொருவர் பார்த்து மார்க் போட்டுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, வாத்தியார் புத்தி போகாது. பன்னிரண்டு பேர் வந்தால், ஆறு சுற்றுக்கு 72 பறத்தல். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆறு பேர்தான் வந்தால்? நேரம் பாதியாகும், ஆனால் ஒருவர் பறக்க, ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல, இரண்டு பேர் மார்க் போட, ஒருவர் எழுத, ஐந்து பேர் எப்போதும் வேலையில் இருக்க வேண்டும். சாப்பிடக்கூட ஆள் மாற்ற முடியாது. அடுத்த வருடம் போட்டி அறிவிக்கவே கை வராது. இப்படிப்பட்ட போட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதில்லை. ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போனதும் சட்டென்று நின்றுவிடும்.

சரி, ஆட்கள் ஏன் குறைந்தார்கள்? நான் பார்த்த வரையில் நான்கு காரணம்.

முதல் காரணம், மேல்தட்டு ரொம்ப உயர்ந்துவிட்டது. பழைய முறையில் ஒவ்வோர் உருவத்தையும் நடுவர் முன்னால் செய்துவிட்டு, ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து அடுத்ததைச் செய்யலாம். நடுவில் மூச்சு விடலாம். 1980களின் நடுவில் முறை மாறியது. திரும்புவதும் ஓர் உருவம், அதற்கும் மார்க். இடைவெளியே இல்லாமல் ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கலையாகப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் செங்குத்தாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகத்தில் போக அதிக வலு வேண்டும். வலுவுக்குப் பெரிய விமானம் வேண்டும். பின்னாளில் இன்ஜின் அளவு வரம்பையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 5 கிலோ எடை என்ற வரம்பு. எல்லோரும் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். இன்று முன்னணியில் இருப்பவை கார்பன் இழையில் வார்த்த, மின்மோட்டாரில் ஓடும் விமானங்கள். பல ஆயிரம் டாலர் விலை. கீழ்ப் படிகளுக்கு இது தேவையே இல்லை, சிறிய விமானத்திலும் தாராளமாகப் பறக்கலாம். ஆனால் முதன்முதலாகப் போட்டிக்கு வருகிறவன் கண்ணில் படுவது அந்த விமானங்கள்தான். 'இது நமக்கு இல்லை' என்று நினைத்து விலகிவிடுகிறான்.

இரண்டாவது, ஒரு குடும்பம் பல குடும்பமாகப் பிரிந்தது. 1974-இல் லாஸ் வேகஸில் பில் பென்னட் என்ற கேளிக்கை விடுதி உரிமையாளர் பெரும் பரிசுத்தொகையுடன் 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' என்ற போட்டியைத் தொடங்கினார். முதல் போட்டியில் வென்றவர் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர், பிற்பாடு உலகச் சாம்பியன் ஆனவர். நிஜ சாகச விமானங்களின் உருவத்தில் இருக்கும் பெரிய மாதிரிகளுக்கு அந்தப் போட்டிதான் மவுசு கொடுத்தது. அப்படி 'ஸ்கேல் ஏரோபேட்டிக்ஸ்' தனிப் பாதையாக வளர்ந்தது. தனி அமைப்பு, தனி விதிகள், தனி நாட்காட்டி. பிறகு புரொப்பெல்லரிலேயே விமானத்தைத் தொங்கவிடும் 3டி பறத்தல் வந்தது. ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் ஒரு மாவட்டத்தில் இருபது பேர் இருந்த இடத்தில் இவர் ஏழு, அவர் ஏழு, மற்றவர் ஆறு என்று ஆனது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், மூன்றுமே தள்ளாடும். பென்னட் மறைந்த 2002-உடன் அந்த லாஸ் வேகஸ் போட்டியும் முடிந்துபோனது. பிரிந்த பாதைகள் மட்டும் பிரிந்தபடியே இருக்கின்றன.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கொஞ்சம் விசித்திரம். பழைய ரேடியோவில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கருவியைப் போட்டால் விமானம் கீழே விழும். அதனால் ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு பலகை இருக்கும். துணி காயப்போடும் மரக் கிளிப்பில் அலைவரிசை எண் எழுதி மாட்டியிருப்பார்கள். கிளிப்பை எடுத்தவன்தான் கருவியைப் போடலாம். மற்றவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது என்ன செய்வான்? அடுத்தவன் பறப்பதைப் பார்ப்பான். குறை சொல்வான். அறிவுரை கேட்பான். போட்டி என்பது அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கூடவே ஃபோம் விமானங்கள், பெட்டியைத் திறந்து அரை மணியில் பறக்கவிடலாம். காற்றில் ஆடினால் தானே சரிசெய்துகொள்ளும் கைரோ வேறு (எஃப்3ஏ போட்டியில் இதற்குத் தடை). தொல்லைகள் எல்லாம் தீர்ந்தன. ஆனால் அந்தத் தொல்லைதான் ஆட்களை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது என்பது, தொல்லை போன பிறகுதான் தெரிந்தது. ஊர்க் கிணறு போய் வீட்டுக்கு வீடு குழாய் வந்த கதை. குழாய் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லமாட்டேன்.

நான்காவது, நிலமும் சட்டமும். போட்டி விதிப்படி விமானி தனக்கு எதிரே சுமார் 150 மீட்டர் தொலைவில் ஒரு கோட்டில் பறக்க வேண்டும். பெட்டியின் எல்லை இடது வலது 60 டிகிரி, மேலே 60 டிகிரி. பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்: டான் 60 என்பது 1.732. அகலம் ஏறக்குறைய 520 மீட்டர், உயரம் 260 மீட்டர். அரை கிலோமீட்டருக்கு மேல் வீடு, சாலை இல்லாத வெளி வேண்டும். நகரம் பெருகப் பெருக அப்படிப்பட்ட இடம் தள்ளிப் போகிறது. சத்தத்துக்கும் அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு. உலக விதியிலேயே சத்த வரம்பு வந்தது. மின்மோட்டார் வந்து சத்தம் குறைந்தபோது, பல இடங்களில் மைதானமே கையில் இல்லை.

அதற்குள் டிரோன்கள் பெருகி, எல்லா நாட்டு அரசுகளும் விழித்துக்கொண்டன. அமெரிக்காவில் 2018 சட்டப்படி, பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்குக் கட்டுப்பாடற்ற வான்வெளியில் உச்சவரம்பு 400 அடி, அதாவது சுமார் 122 மீட்டர். பெட்டியின் உயரமோ 260. கிளப் மைதானங்கள் விண்ணப்பித்து இன்னும் உயரே பறக்க அனுமதி வாங்கலாம், வாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காகித வேலையைச் செய்யவும் ஓர் ஆள் வேண்டும். ஏற்கெனவே நடுவர் வேலை, கணக்கு வேலை, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டிருக்கும் அதே ஆள்தான் இதையும் செய்ய வேண்டும். அவருக்கும் வயதாகிறது.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனையே நோண்டிக்கொண்டு இருக்கிறார்கள், அதுதான் காரணம்' என்று கமெண்டில் யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரோன் பந்தயத்துக்குப் பிள்ளைகள் போகிறார்கள். என் மாணவனின் மகள் ஒரு வருடமாக ஒரே வரிசையைப் பழகியிருக்கிறாள். ஆர்வம் இருக்கிறது. ஏறுவதற்கு முதல் படிதான் இல்லை.

உலகப் போட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அமெரிக்காவிலும் இண்டியானா மாநிலத்தின் மன்சியில் மாதிரி விமானச் சங்கத்துக்குச் சொந்தமாகப் பெரும் நிலப்பரப்பு இருக்கிறது, தேசியப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. உச்சி பத்திரமாக இருக்கிறது, அடிவாரம்தான் கரைகிறது.

நம் பள்ளி விளையாட்டை நினைத்துப் பாருங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம். குறுவட்டப் போட்டியில் சுண்ணாம்புக் கோடு கோணலாக இருக்கும். ஸ்டாப்வாட்ச் ஒன்றுதான் இருக்கும். மோர் காலியாகிவிடும். ஆனால் வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்த பிள்ளையைப் பார்த்து, "கையை வீசாதே, முழங்காலைத் தூக்கு" என்று வேறு பள்ளி வாத்தியார் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வரிதான் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பரிசு. மாநிலப் போட்டியை எவ்வளவு சிறப்பாக நடத்தினாலும் அந்த ஒரு வரியை அது தராது. அங்கே வருவதற்கு முன்பே அது கிடைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்ப் போட்டி போனால் கோப்பை போகிறது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பார்க்கத் தெரிந்த கண் போகிறது. தன் லூப் வட்டமா முட்டையா என்பது ஓட்டுகிறவனுக்கு எப்போதும் வட்டமாகத்தான் தெரியும். காற்று எந்தப் பக்கம் தள்ளியது, எங்கே அரை நொடி முந்தினான் என்று பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். வீடியோவில் பார்க்கலாமே என்று மாணவனும் கேட்டான். பார்க்கலாம். ஆனால் வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் யாரோ சொல்லித்தர வேண்டுமே. அந்த யாரோ எல்லாம் இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்தால், அந்தக் கண்ணை விதிப்புத்தகத்திலிருந்து மீட்க முடியாது.

நம் நாட்டைப் பற்றியும் இரண்டு வரி. 2014 அக்டோபரில் ஆளில்லா வானூர்திகளுக்கு விமானப் போக்குவரத்து இயக்ககம் அறிவிக்கை மூலம் தடை போட்டபோது, மாதிரி விமானக்காரர்களும் 'நாமும் இதில் சேர்த்தியா?' என்று தெரியாமல் தவித்தார்கள். 2021 டிரோன் விதிகள் ஒரு நல்லது செய்தன. கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பறக்கும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களைத் தனி வகையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வகைச் சான்றிதழிலிருந்து விலக்குக் கொடுத்தன. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போய்க் கோடு போட்டு நாற்காலி வைக்க ஆள்தான் வேண்டும்.

மாணவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். "தம்பி, ஏழு மணி நேரம் ஓட்டி ஒரே ஒரு தடவை அந்தப் போட்டிக்குப் போ. பறக்கிறதுக்கு மட்டும் இல்லை. பாப்பாவை நடுவர் பக்கத்துல மார்க் எழுதுற வேலைக்கு உட்காரவை. ரெண்டு நாள் எழுதினா கண்ணு பழகிடும். திரும்பி வந்து உங்க கிளப்புல நாலு பேரைப் பிடி. கீழ்ப் படி வரிசை ஒண்ணே ஒண்ணு, ஒரு சனிக்கிழமை காலை, ரெண்டு நாற்காலி. கோப்பை வேண்டாம். கையில இருக்கிற விமானம் எதுவோ அதைக் கொண்டு வரச்சொல்லு. மார்க் மட்டும் கறாராப் போடு."

"யார் சார் மார்க் போடுவா?"

"பாப்பாதான்."

சிரித்தான். இரண்டு நாள் கழித்து, பெயரைப் பதிவு செய்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அப்பாவுக்குப் போட்டியாளர், மகளுக்கு எழுத்தர். பறப்பது அடுத்த வருடமாம்.

உங்கள் ஊரில் இப்படிக் கீழ்ப்படி கரைந்துபோன விளையாட்டு எது? சிலம்பமோ, சதுரங்கமோ, கபடியோ, எதுவானாலும் எழுதுங்கள். எப்போது நின்றது, யார் கடைசியாக நடத்தினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்வோம்.